மூணாவது டப்பா

1

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீங்கள் கேட்டு, நான் முழித்து, அந்தக் கூத்தெல்லாம் வேண்டாம். ஒரு மருந்துக்கடைக்காரம்மா சொன்னார். நாற்பத்தாறு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளக் கிளம்பியவர். எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுவார். ரிவர்ஸ் கியர் என்றால் மட்டும் வியர்த்துக் கொட்டும். பாதி அவர் சொன்னது, மீதி என் கைச்சரக்கு. எது யாருடையது என்று நோண்டாதீர்கள். என் வாய் சும்மா இருக்காது, நானே உளறிவிடுவேன்.

கதை இவ்வளவுதான். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஒருவர். பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. வலது கால் மரத்துக்கொண்டே வருகிறது. பயிற்சிக் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு, பார்த்திருப்பீர்கள். கற்றுக்கொள்கிறவர் சொதப்பினால் காரை நிறுத்துவது அந்தப் பிரேக்தான். அதை மிதிப்பது அந்தக் கால்தான். காலுக்கு உணர்ச்சி திரும்புமா, மாஸ்டர் அந்தச் சீட்டில் மறுபடி உட்காருவாரா? இதை விட்டால் இதில் வேறு மர்மம் கிடையாது. (ஒன்று இருக்கிறது. பிறகு.)

2

தொடக்கம் மட்டும் எத்தனை எழுதிக் கிழித்தேன் தெரியுமா?

"அன்று காலை மாஸ்டரின் கால்கள் அவரிடம் சொல்லிக்கொள்ளாமலேயே விடை—"

சீச்சீ. கால் என்ன ரயிலேறியா போகிறது?

"நரம்பு என்பது உடம்புக்குள் ஓடும் மின்கம்பி. அதன் மேலுறை நைந்துபோகும்போது—"

இது எட்டாம் வகுப்புப் பாடம். இரண்டாவது பத்தியில் தூங்கிவிடுவீர்கள்.

"மாஸ்டர் ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டு இன்னொன்றைத் தேடினார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார். குனிந்து, முனகி, அலமாரிக்குப் பின்னால் துடைப்பத்தை விட்டுத் துழாவினார். கடைசியில் அவர் மனைவி வந்து, 'என்னங்க, ரெண்டும் கால்லதானே இருக்கு' என்றார்."

இது தேவலை. இது நிஜமாகவே நடந்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மாஸ்டரும் சிரித்தார். ஆனால் குனிந்து தன் காலை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மன்னிக்கவும், "சிரித்தோம்" இல்லை, "சிரித்தார்கள்". நான் அங்கே எங்கே இருந்தேன்? திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

3

மாஸ்டருக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருஷமாக ஒரே வேலை, ஒரே சீட். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தடுமாறி, கார் எதன் மேலேயாவது ஏறப்போகும்போது, தன் பக்கத்துப் பிரேக்கைச் சத்தமில்லாமல் மிதிப்பார். கார் நின்றதும் வாய் நிறையச் சிரித்து, "சபாஷ்! நல்லா பிடிச்சீங்க பிரேக்கை!" என்பார். அந்த ஆளும் தான்தான் பிடித்தோம் என்று நம்பி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அடுத்த கியரைப் போடுவார். மற்ற மாஸ்டர்களைப் போல இவர் யாரையும் திட்டியதே இல்லை. "பயம் போனாதான் வண்டி வரும். பொய் சொன்னா என்ன குடியா முழுகிடும்?" என்பார்.

இப்படிப்பட்ட மனுஷருக்கு "வேண்டாம்" என்ற சொல் வாயில் வராது. அங்கேதான் வினை.

போன வருஷம் கால் விரல்களில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதென்று டாக்டரிடம் போனார். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, தினம் ஒரு பி வைட்டமின் மாத்திரை எழுதிக்கொடுத்தார்.* அது ஒன்று. மாஸ்டரின் மனைவி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அங்கே நகல் எடுக்க வந்த யாரோ, "நரம்புத் தளர்ச்சிக்கு இது கைகண்ட மருந்துக்கா" என்று ஒரு பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சிவப்புக் குப்பி. அது இரண்டு. "என்னங்க, டாக்டர் குடுத்தது காலையில, இது மத்தியானம்" என்றார் மனைவி. "சரிம்மா" என்றார் மாஸ்டர்.

அப்புறம் ஒரு மஞ்சள் டப்பா வந்தது. அது மூன்று. யார் கொடுத்தார்கள் என்று மாஸ்டர் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் மற்ற இரண்டைப் பற்றியும் மூச்சுவிடவில்லை. மறைக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. "அதெல்லாம் மருந்தா? சத்து மாத்திரைதானே!"

எட்டு மாதம் மூன்றையும் விடாமல் சாப்பிட்டார். ஒண்ணுக்குப் பளீரென்று மஞ்சளாகப் போனது. "பார்த்தியா, வேலை செய்யுது" என்று மனைவியிடம் பெருமை வேறு.

* பி வைட்டமின் என்பது தனி ஆள் இல்லை, கூட்டுக் குடும்பம். பி1, பி6, பி12 என்று வீடு நிறைய ஆட்கள். மெட்ஃபார்மின் என்கிற சர்க்கரை மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடுகிற சிலருக்கு பி12 குறைந்துபோகும்; குறைந்தால் நரம்பு கெடும். மாஸ்டருக்குக் குறைந்திருந்தது. ஆகவே டாக்டர் கொடுத்தது சரியான மருந்து. குறை இல்லாதவர்களுக்கும், சர்க்கரையால் கெட்டுப்போன நரம்பை இந்த மாத்திரைகள் தூக்கி நிறுத்துமா என்று கேட்டால், டாக்டர்களே உதட்டைப் பிதுக்குகிறார்கள். இந்தக் குறிப்பை எழுதும்போது எனக்கு முகம் சுடுகிறது. ஏன் என்று கேட்காதீர்கள். இன்னும் மூன்று பகுதி பொறுங்கள்.

4

அந்தச் சம்பவத்துக்கு வருவோம்.

விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் ஒரு சரிவுப் பாதை இருக்கிறது. மருந்துக்கடைக்காரம்மாவுக்கு அது ஒன்பதாவது பயிற்சி வகுப்பு. கார் சரிவில் இறங்குகிறது. குறுக்கே ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு—

இல்லை. குழந்தையும் பந்தும் போட்டால் நீங்கள் உடனே பதறுவீர்கள் என்று எனக்குத் தெரியும். மட்டமான தந்திரம். குறுக்கே ஒரு நாய்க்குட்டி—

அதுவும் அப்படித்தான். நடந்ததையே எழுதிவிடுகிறேன். தண்ணி கேன் போடுகிற ஆள், தள்ளுவண்டியில் ஆறு கேனை வைத்துக்கொண்டு, போனைப் பார்த்தபடியே பாதையைக் கடந்தார். அவ்வளவு சாதாரணம்.

மாஸ்டர் பார்த்துவிட்டார். காலை ஓங்கி மிதித்தார். கார் குலுங்கி நின்றது. தள்ளுவண்டிக்கும் காருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. கேன்காரர் போனிலிருந்து நிமிர்ந்து, முறைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

மாஸ்டர் மூச்சு வாங்கினார். பிறகு வழக்கம்போல வாய் நிறையச் சிரித்தார்.

"சபாஷ்! நல்லா பிடிச்சீங்கம்மா பிரேக்கை!"

"ஆமா மாஸ்டர். நான்தான் பிடிச்சேன்."

மாஸ்டருக்கு உள்ளுக்குள் சிரிப்பு. பாவம், நம்பிவிட்டார்.

"நிஜமாதான் மாஸ்டர்" என்றார் அந்தம்மா. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். "உங்க கால் ரப்பர் மேட் மேல இருக்கு. கீழ பாருங்க."

மாஸ்டர் குனிந்து பார்த்தார். அவருடைய வலது கால், பிரேக்குக்கு நாலு விரல் தள்ளி, ரப்பர் மேட்டை முழுப் பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது. இன்னும் அழுத்திக்கொண்டேதான் இருந்தது. அது பிரேக் இல்லை என்று கால் அவரிடம் சொல்லவே இல்லை.

அவருக்குக் குப்பென்று வியர்த்தது. இது எத்தனை நாளாக இப்படி? போன வாரம் சிக்னலில் அந்தக் காலேஜ் பெண் நிறுத்தியது? அதற்கு முன்னால் பள்ளிக்கூட வாசலில், ரிட்டயர்டு வாத்தியார் நிறுத்தியது? யாரையெல்லாம் பொய்யாகப் பாராட்டுவதாக நினைத்து நிஜமாகப் பாராட்டினோம்? யார் காலை நம்பி இத்தனை பேர் உயிர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது?  அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மாஸ்டர் அந்தச் சீட்டில் உட்காரப் பயந்தார்.

5

(இங்கே மாஸ்டர் அழுததாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அவர் அழவில்லை. "ஒரு மாத்திரை போட்டுக்கறேன்மா, படபடங்குது" என்று டாஷ்போர்டைத் திறந்தார். பயந்துபோன மனுஷர் எதைத் தேடுகிறார் பாருங்கள்.)

டாஷ்போர்டுக்குள் மூன்றும் வரிசையாக இருந்தன. டாக்டர் கொடுத்த மாத்திரை அட்டை, சிவப்புக் குப்பி, மஞ்சள் டப்பா.

மருந்துக்கடைக்காரம்மா காரை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கையை நீட்டினார். இப்போது பாருங்கள், அந்தக் கையில் தடுமாற்றமே இல்லை. அது அவர் ராஜ்ஜியம். மூன்றையும் திருப்பி, பின்னாலிருந்த பொடி எழுத்தைப் படித்தார்.

"இதெல்லாம் யாரு குடுத்தது மாஸ்டர்?"

"இது டாக்டர். இது வீட்டுல. இது... இது சும்மா, சத்து மாத்திரை."

"மூணும் ஒண்ணுதான். பேரு வேற, கலர் வேற. டாக்டர் குடுத்ததுல பி6 கொஞ்சூண்டு இருக்கு, அது சரி. மத்த ரெண்டுலயும் கொட்டி வெச்சிருக்காங்க. மூணையும் கூட்டினா ஒரு நாளைக்கு வேண்டியதைப்போல நூறு மடங்குக்கு மேல போகுது. எத்தனை மாசமா?"

"எட்டு."

"ஐயோ மாஸ்டர்! பி6 அளவுக்கு மிஞ்சினா அதுவே நரம்பைக் கெடுக்கும்."

"வைட்டமின்தானேம்மா?"

"உப்பும் உடம்புக்கு வேணும்தான். கிலோ கணக்குல அள்ளித் தின்னுவீங்களா?"

மாஸ்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இல்லம்மா, மிஞ்சினது ஒண்ணுக்குல போயிடும், பயமே இல்லன்னு பத்திரிகையில போட்டிருந்துச்சே."

"எந்த மடையன் எழுதினது?"

(மடையன் இல்லை. மடச்சி. வருகிறேன், வருகிறேன்.)

திரும்பி வரும்போது அந்தம்மாதான் ஓட்டினார். மாஸ்டர் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு வந்தார். சாயங்காலமே மனைவியையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனார். டாக்டர் மூன்றையும் மேஜையில் வைத்துப் பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டு, "சிவப்பு யார் வாங்கினது?" என்றார். மனைவி கையைத் தூக்கினார். "மஞ்சள்?"

"அது நானே வாங்கினேன் டாக்டர்" என்றார் மாஸ்டர்.

6

இல்லை. நான் வாங்கினேன்.

இத்தனை நேரம் மாஸ்டர், மாஸ்டர் என்று யாரோ மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேனே, அவர் என் அத்தான். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பது என் அக்கா. செருப்புத் தேடிய அன்று நானும் அங்கேதான் இருந்தேன். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். கதை எழுதுவது என் ஆசை. வயிற்றுப்பாட்டுக்கு ஒரு வாரப் பத்திரிகையில் உடல்நலப் பக்கம் எழுதுகிறேன். இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் படித்து, பிசைந்து, உருட்டிப் போட வேண்டியது. "நரம்புக்கு ஒரு நண்பன்" என்ற தலைப்பில் பி வைட்டமின்களைப் பற்றி எழுதியதும் நான்தான். "நீரில் கரையும் சத்து என்பதால் மிஞ்சியது வெளியேறிவிடும், பயமே வேண்டாம்" என்ற வரி என் சொந்த வரி. எழுதி முடித்ததும் எனக்கே என் மேல் பெருமை. அதே ஜோரில் மஞ்சள் டப்பாவை வாங்கிக்கொண்டு போய், "அத்தான், இதைச் சாப்பிட்டுப் பாருங்க, நானே எழுதியிருக்கேன்" என்று நீட்டினேன். "நீ சொன்னா சரிம்மா" என்றார். ஒவ்வொரு மாதமும் தீரத் தீர வாங்கிக் கொடுத்தேன்.

இந்தக் கதையின் முதல் மூன்று வரைவுகளில் கொழுந்தியாள் என்று ஒரு பாத்திரமே கிடையாது. நான்காவதில் வந்தாள், மஞ்சள் டப்பாவை அவள் பிடுங்கி எறிவதாக எழுதியிருந்தேன்! எழுதுகிற கைக்கு வெட்கமே கிடையாது.

அத்தான் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், இதைத் தாங்க முடியவில்லை. ஒரு வாரம் கழித்து அக்கா சாதாரணமாகக் கேட்டாள்: "ஏண்டி, அந்த மஞ்சள் டப்பாவை இவரு எந்தக் கடையிலடி பிடிச்சாரு?" நான், "அடுப்புல பால் வெச்சுட்டு வந்துட்டேன்" என்று வீட்டுக்கு ஓடிவந்து இதை எழுத உட்கார்ந்தேன். கதைக்கு நிஜமான தொடக்கம் அதுதான். மருந்துக்கடைக்காரம்மாவிடம் நானாகப் போய்க் கேட்டதெல்லாம் அப்புறம்.

ஐந்தாவது வரைவு முடிந்ததும் அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவள் ஜெராக்ஸ் மெஷின் மூடியைத் திறந்து, மூடி, திறந்தாள்.

"சிவப்பு என்னுது, மஞ்சள் உன்னுது" என்றாள். "பழியை ஆளுக்கு ஒரு கட்டைவிரலாப் பங்கு போட்டுக்கலாம்டி."

சிரித்தோமா அழுதோமா என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. நகல் எடுக்க வந்தவர் பயந்துபோய் அப்புறம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

7

இப்போது முடிவு. கைவசம் மூன்று வைத்திருக்கிறேன்.

(அ) மாத்திரைகளை நிறுத்தினார். மூன்றே வாரத்தில் கால் பழையபடி ஆகிவிட்டது. மாஸ்டர் சீட்டில் ஏறி உட்கார்ந்து— இது உடல்நலப் பக்கத்து முடிவு. அந்தக் கையை நம்பாதீர்கள், பட்டும் புத்தி வரவில்லையா?

(ஆ) கால் திரும்பவே இல்லை. மாஸ்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற வருகிற கார்களை— பரிசு வாங்கும் முடிவு. ஆனால் எங்கள் அத்தான் ஜன்னலோரம் உட்காருகிற ஆள் இல்லை. உட்கார்ந்தாலும், "ஹாரன் அடிக்காம திரும்புறான் பாரு" என்று கத்திக்கொண்டிருப்பார்.

(இ) நடந்துகொண்டிருப்பது. டாக்டர், "நான் குடுத்த மாத்திரை மட்டும் போதும், மத்ததை நிறுத்துங்க, சர்க்கரையைக் கட்டுல வைங்க. பி6 கெடுத்தது மெதுவா திரும்பலாம். சர்க்கரை கெடுத்தது எவ்வளவுன்னு இப்ப சொல்ல முடியாது. ஆறு மாசம் கழிச்சுப் பார்ப்போம்" என்றார். அதுவரை அத்தான் டிரைவிங் ஸ்கூல் அறையில் சாலை விதி வகுப்பு எடுக்கிறார். ஃபேன், பலகை, அம்புக்குறிகள். அவருக்குப் பிடிக்கவே இல்லை. அடுத்த வியாழக்கிழமையோடு ஆறு மாதம் முடிகிறது. உணர்ச்சி வந்திருந்தால் டாக்டர் எழுதிக்கொடுப்பார், சீட்டுக்குத் திரும்பலாம். இல்லையென்றால் அந்த அறைதான் கடைசிவரை.

அக்கா தினமும் பஞ்சை உருட்டி அவர் கால் விரல்களைத் தொட்டுப் பார்க்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு எந்த விரல் என்று அவர் சொல்ல வேண்டும். "தெரியுது, தெரியுதுங்கறாருடி" என்று நேற்று போனில் புலம்பினாள். "எல்லாத்துக்கும் தெரியுதுங்கறாரு. எனக்காகச் சொல்றாரோன்னு பயமா இருக்கு."

இங்கேதான் எழுதுகிறவளுக்கு இந்தப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது. அவர் நல்லவர். நல்லவர் என்பதால்தான் அவர் சொல்வதை அப்படியே நம்ப முடியவில்லை. டாக்டரிடமும் குத்துமதிப்பாகச் சொல்லித் தப்பித்து, சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டால்? தண்ணி கேன்காரர் இன்னும் அதே பாதையில்தான் போனைப் பார்த்தபடி போகிறார்.

8

இன்று காலை நான் போனேன். அக்கா கடைக்குப் போயிருந்தாள். அத்தான் சோபாவில் சாய்ந்து, காலை ஸ்டூலில் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டார். நான் பஞ்சை எடுத்தேன். தொடவில்லை. கட்டைவிரலுக்குப் பக்கத்தில் காற்றில் வைத்துக்கொண்டு கேட்டேன்:

"எந்த விரல், அத்தான்?"

"தெரியுது" என்றாலோ, ஒரு விரலின் பெயரைச் சொன்னாலோ, அவர் பொய் சொல்கிறார். அப்படியென்றால் டாக்டரிடம் நானே போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவருக்குப் பிடித்த அந்தச் சீட்டை அவரிடமிருந்து நானே பிடுங்குவதாக ஆகும். மஞ்சள் டப்பாவைக் கொடுத்த அதே கை. 

அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"நீ இன்னும் தொடவே இல்லையேம்மா."

எனக்குக் கண்ணில் பொலபொலவென்று கொட்டிவிட்டது. தொடவில்லை என்பது தெரிகிறது என்றால் தொட்டாலும் தெரியும்தானே? சந்தோஷத்தில் எழுந்து அக்காவுக்குப் போன் போடப் போனேன். பாதியில் நின்றேன். இருபத்திரண்டு வருஷம் ஓரக்கண்ணால் கண்ணாடியைப் பார்த்து வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த மனுஷர். அவர் இமை முழுசாக மூடியிருந்ததா?

ஒரு துண்டை எடுத்துவந்து அவர் கண்ணைச் சுற்றிக் கட்டினேன். "என்னம்மா, நம்பிக்கை இல்லையா?" என்றார். "இல்ல அத்தான்" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் "இல்லை" என்று சொன்னேன். அவர் சிரித்தார், ஆனால் துண்டை விலக்கவில்லை. "இந்த தடவை நிஜத்தைச் சொல்றேன். போதுமா?" என்றார்.

பஞ்சால் அவருடைய வலது கால் சுண்டுவிரலைத் தொட்டேன். நிஜமாகவே தொட்டேன்.

"இப்ப?"

அவர் தலையை ஒருபக்கமாகச் சாய்த்தார். சோபாவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். வாயைத் திறந்தார்.

அவர் என்ன சொன்னார் என்பதை நான் எழுதப்போவதில்லை. என் கைக்கு இந்த விஷயத்தில் நல்ல பெயர் கிடையாது, உங்களுக்கே தெரியும். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். அவருக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு எழுதாதீர்கள். அதை நாங்கள் ஏற்கெனவே எட்டு மாதம் செய்து பார்த்தாயிற்று.